விலையைக் கொமென்டில் சொல்லுங்கள்: தொழில்நுட்ப நிறுவனங்கள் சமூக ஊடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்கில், எங்கள் பகுதியில் எந்தப் போன் கடையின் பேஸ்புக் பக்கத்தைத் திறந்தாலும் இதைப் பார்க்கலாம். பளபளப்பான போன் படம் ஒன்று. அதன் கீழே ‘விலை என்ன?’, ‘எவ்வளவு நானா?’, ‘தவணைக்குக் கிடைக்குமா?’ என்று இருபது முப்பது கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: ‘இன்பொக்ஸ் பாருங்க.’ லெப்டொப் கடை, சிசிடிவி பூட்டும் நிறுவனம், பில் அடிக்கிற மென்பொருள் விற்கும் கம்பனி, எல்லாரிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது.

தவறுகளில் முதலாவதாக இதைத்தான் சொல்வேன். கேள்வி கேட்டவர் எங்கே இருந்து கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கொக்கட்டிச்சோலையில் இருப்பவர் மண்முனைப் பாலம் கடந்து வரவேண்டும். பொத்துவிலில் இருப்பவருக்குக் கல்முனை 60 கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் காசு கொடுத்து வந்த பிறகுதான் அந்த விலை தனக்குச் சரிவராது என்று அவருக்குத் தெரியவேண்டுமா? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்பவருக்கும் நகரத்தில் கடைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கத்தான் இந்தப் பேஜ் இருக்கிறது. விலையை மறைத்தால் அந்தத் தூரம் அப்படியே நிற்கும்.

கடைக்காரர்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரர் பார்த்து ஐந்நூறு ரூபா குறைத்துப் போட்டுவிடுவார் என்பது ஒன்று. அவருக்கு உங்கள் விலை வேண்டுமென்றால் தம்பி ஒருவரை அனுப்பிக் கேட்டுக்கொள்வார். மறைத்ததால் நஷ்டப்படுவது வாங்க வந்தவர் மட்டும்தான். டொலர் ஏறி இறங்குகிறது என்பது இன்னொன்று. 2022இல் காலையில் சொன்ன விலை மாலையில் நிற்கவில்லை, அந்த நாட்களில் இதில் நியாயம் இருந்தது. இப்போது ‘இன்றைய விலை’ என்று திகதியோடு போட்டால் போதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கடையில் விலையைக் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. கடையில் ஒட்டவேண்டிய விலை பேஜில் மட்டும் ஏன் இரகசியமாக இருக்கவேண்டும்?

இதற்கு நேர் எதிரான தவறும் அதே பேஜ்களில் நடக்கிறது. தவணைக்கு விண்ணப்பிப்பவர் தன் அடையாள அட்டை இலக்கத்தைக் கொமென்டில் எழுதுவார். ரவுட்டர் வேலை செய்யவில்லை என்பவர் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டு விலாசத்தையும் எல்லாரும் பார்க்கப் போடுவார். யாரும் அதை மறைப்பதில்லை. விலை வெளியே இருக்கவேண்டும், ஆளின் விவரம் உள்ளே இருக்கவேண்டும். அப்படி யாராவது எழுதினால் உடனே மறைத்துவிட்டு, ‘அக்கா, உங்கள் இலக்கத்தை மறைத்திருக்கிறோம், இன்பொக்ஸில் அனுப்புங்கள்’ என்று சொல்வதுதான் முறை.

பில்லோடு வாடிக்கையாளரைப் படமெடுத்துப் போடுவதும் இதே வகை. படத்தைப் பெரிதாக்கினால் பில்லில் பெயர், இலக்கம் எல்லாம் தெரியும். கேட்டுவிட்டுப் போடுங்கள், பில்லை விட்டுவிட்டுப் போடுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. வாங்கியவரின் விவரம் கடையின் சொத்து அல்ல.

வாட்ஸ்அப்பிலும் கவனம் வேண்டும். வாங்கியவர்கள் எல்லாரையும் கேட்காமல் ஒரு குரூப்பில் சேர்த்தால், ஒரு பெண் பிள்ளையின் இலக்கம் முன்பின் தெரியாத இருநூறு பேருக்குப் போய்விடுகிறது. எங்கள் ஊர்களில் அது எவ்வளவு பெரிய தொந்தரவாக முடியும் என்று விளக்கத் தேவையில்லை. புரோட்காஸ்ட் லிஸ்ட் என்ற வசதி அதற்காகவே இருக்கிறது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் இலக்கம் இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும் என்பதால் விரும்பாதவரைத் தொந்தரவு செய்யவும் முடியாது.

முறைப்பாட்டை அழிப்பது அடுத்தது, விலையை மறைப்பதைவிட மோசமானது. ‘வாங்கி இரண்டு கிழமையில் டிஸ்பிளே போய்விட்டது, கடையில் பதில் இல்லை’ என்று ஒருவர் எழுதுகிறார். பேஜ் பார்க்கும் பையன் பயந்துபோய் அதை அழிக்கிறான், ஆளையும் தடைசெய்கிறான். அவர் என்ன செய்வார்? ஊர்க் குரூப் ஒன்றில் போய், அழித்ததையும் சேர்த்து எழுதுவார். பெரிய கம்பனிகளே இதில் அடிபட்டிருக்கின்றன. 2013இல் ஒருவர் தன் சம்சுங் போன் சார்ஜ் போட்டபோது எரிந்ததாக யூடியூபில் வீடியோ போட்டார். மாற்றுப் போன் தர, வீடியோவை நீக்கவேண்டும், இதுபற்றிப் பேசக்கூடாது என்று கம்பனி கடிதத்தில் நிபந்தனை வைத்தது. அவர் அந்தக் கடிதத்தையே அடுத்த வீடியோவில் வாசித்தார். எரிந்த போனைவிட அந்தக் கடிதம்தான் பெரிய செய்தியானது.

முறைப்பாட்டுக்கு வெளியே பதில் சொல்லுங்கள், அதுவும் நேரத்தோடு: ‘அண்ணன், பில் இலக்கத்தை இன்பொக்ஸில் அனுப்புங்கள், நாளை மாலை 4 மணிக்கு முன் பதில் தருகிறோம்.’ வாரண்டிக்குள் வராது என்றால் ஏன் வராது என்று சொல்லுங்கள். தண்ணீர் போனதா, விழுந்து உடைந்ததா என்று விளக்கினால் பலர் ஏற்றுக்கொள்வார்கள். பிரச்சினை தீர்ந்த பிறகு அதே கொமென்டுக்கு வந்து ‘மாற்றிக் கொடுத்தாகிவிட்டது’ என்று எழுத மறக்க வேண்டாம். அந்த இடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், அடுத்து வாங்க வருபவர் முதலில் தேடி வாசிப்பது அந்தப் பதிலைத்தான்.

பதில் சொல்ல ஆள் இல்லாமல் பேஜ் நடத்த முடியாது. 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் தானாகப் போகும் வாழ்த்துச் செய்தி, கடை பூட்டிய நேரத்துப் பதில், விலையோடு பொருட்பட்டியல் எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் ‘உங்கள் செய்திக்கு நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்’ என்று தானாகப் போய், அதன்பிறகு மூன்று நாள் மனிதர் யாரும் வராவிட்டால், அது பதிலே போடாததைவிட எரிச்சல் தரும். காலையில் ஒரு மணிநேரம், மாலையில் ஒரு மணிநேரம் என்று ஒருவரை ஒதுக்குங்கள். அந்த ஆளுக்குப் பொருளைப் பற்றித் தெரிந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்லும் உரிமையாவது இருக்கவேண்டும்.

மொழி பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள நிறுவனங்கள் கிழக்குக்கென்று போடும் தமிழ் விளம்பரங்களைப் பாருங்கள். எழுத்துப் பிழை, இயந்திரம் மொழிபெயர்த்த வாசகம், சில வேளை புள்ளிகள் விழுந்து வாசிக்கவே முடியாத வரி. ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் மூன்று முறை பார்த்துவிட்டுத் தமிழை யாருக்கும் காட்டாமல் வெளியிடும் ஒரு கம்பனி, எங்கள் காசை மட்டும் கவனமாக எண்ணுகிறது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். மட்டக்களப்புக் கிளையில் வேலை செய்யும் ஒரு பிள்ளையிடம் ஐந்து நிமிடம் காட்டினால் இது நடக்காது. சென்னைத் தமிழில் எழுதுவதும் ஒட்டாது. இங்கே தள்ளுபடியைக் ‘கழிவு’ என்பார்கள், இஎம்ஐயைத் ‘தவணை’ என்பார்கள், ரீசார்ஜை ‘ரீலோட்’ என்பார்கள்.

உள்ளூர்க் கடைகளின் தவறு வேறு மாதிரி. அச்சகத்துக்குப் பழகிய கையால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வடிவமைத்து, எல்லா விவரத்தையும் படத்துக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், பார்வையற்றவரின் போனும் அதைச் சரியாக வாசித்துச் சொல்லாது. அதே பாமினியைப் பொஸ்டில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். போன் பெயர், விலை, வாரண்டி, கடை இருக்கும் இடம், இவை நான்கையும் எந்தப் போனிலும் தெரியும் யூனிகோட் தமிழில் படத்துக்கு மேலே எழுதுங்கள். கொமென்டில் ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டினாலும் தமிழில் பதில் சொல்லலாம். அம்பாறை நகரில் இருந்து ஒருவர் சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில் பதில் போகட்டும்.

இனிச் சொல்லப்போவதை எங்கள் மாவட்டங்களில் பேஜ் நடத்தும் எவரும் இலேசாக எடுக்கக்கூடாது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலப்பதாகப் புரளி கிளம்பியது. உணவகத்தில் இருந்தவரை மிரட்டி, ஆம் என்று சொல்லவைத்த வீடியோ பேஸ்புக்கில் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் இருந்தது வெறும் கோதுமை மாக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிசெய்தார். அடுத்த வாரம் கண்டியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

போன் விளம்பரத்துக்குக் கீழே இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். ‘அவனுகளின் கடையில் வாங்காதீர்கள்’ என்று ஒருவர் எழுதி, அதற்கு நூறு விருப்பம் விழுவதற்கு உங்கள் பேஜ் இடம் கொடுக்கலாம். கொமென்ட் கூடினால் பொஸ்ட் நன்றாக ஓடும் என்று அதை விட்டுவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வரும். தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் வாங்கும் கடையில் அப்படி ஒரு வார்த்தை ஒரு மணிநேரம்கூட நிற்கக்கூடாது. பேஜ் அமைப்புக்குள் போய்க் குறிப்பிட்ட வசைச் சொற்களைப் பட்டியலிட்டால் அவை உள்ள கொமென்ட் தானாக மறைந்துவிடும். முறைப்பாட்டை வைத்திருங்கள், வெறுப்பை அகற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம்.

‘ஷெயார் செய்து, ஐந்து நண்பர்களை டேக் செய்தால் இயர்போன் இலவசம்’ வகைப் போட்டிகளை விட்டுவிடுங்கள். சொந்தப் பக்கத்தில் பகிரவைத்துப் போட்டி நடத்தக்கூடாது என்பது பேஸ்புக்கின் விதி. லைக் பண்ணு, டேக் பண்ணு என்று கெஞ்சும் பொஸ்டுகளைக் கீழே தள்ளுவோம் என்று 2017 டிசம்பரிலேயே அறிவித்தார்கள். அடுத்த மாதம், நிறுவனங்களின் பொஸ்டைவிட நண்பர், குடும்பத்தார் பேச்சுக்கு முன்னிடம் என்றும் மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் எதைப் போடுவது? மக்களுக்குத் தேவையானதை. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும், அதை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்க்கலாம் என்று ஒரு நிமிட வீடியோ செய்யுங்கள். பாவித்த போன் வாங்குபவர் அதை வைத்திருந்து பார்ப்பார். நவம்பர் மழை தொடங்குமுன் சிசிடிவி பெட்டியையும் ரவுட்டரையும் எவ்வளவு உயரத்தில் வைப்பது, இடி நேரத்தில் எதைக் கழற்றுவது என்று சொல்லுங்கள். வெள்ளம் வந்துவிட்டால், முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த விளம்பரங்களை உடனே நிறுத்துங்கள். 2024 நவம்பரில் ஊர்கள் தண்ணீரில் நின்றபோது கழிவு விளம்பரத்தை யார் பார்ப்பது? அந்த நேரத்தில் எந்தக் கடையில் போன் சார்ஜ் போடலாம் என்பதுதான் மக்களுக்கு வேண்டிய தகவல்.

எல்லாவற்றையும் பேஸ்புக்கில் மட்டும் வைத்திருப்பதும் ஆபத்து. 2018 மார்ச்சில் ஒரு வாரத்துக்கு மேல், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின், 2022 ஏப்ரலில் என்று இந்த நாட்டில் சமூக ஊடகம் முடக்கப்பட்டிருக்கிறது. 2021 ஒக்டோபர் 4 அன்று பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணிநேரம் நின்றுபோயின. வாடிக்கையாளரின் சம்மதத்தோடு ஒரு இலக்கப் பட்டியல், வழமையான ஒரு தொலைபேசி, கூகுள் வரைபடத்தில் கடையின் இடம், இவை இருந்தால் அந்த நாளும் வியாபாரம் நடக்கும்.

பேஜின் சாவி யாரிடம் என்பதையும் பாருங்கள். பல கடைகளில் பழைய ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கில்தான் பேஜ் இருக்கிறது. அவர் கட்டாருக்குப் போனால் பேஜும் போய்விடும். வெளி ஏஜென்சியிடம் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையது. ஹுவாவே 2018 டிசம்பர் 31 இரவு போட்ட புத்தாண்டு ட்வீட்டின் கீழே அது ஐபோனிலிருந்து அனுப்பப்பட்டது என்று காட்டியதற்கு அப்படியொரு வெளி ஆள்தான் காரணம். முதலாளி உட்பட இருவருக்கு முழு அனுமதி, இருபடிச் சரிபார்ப்பு, வேலையை விட்டவரின் அனுமதியை அன்றே நீக்குவது, இந்த மூன்றையும் இன்று கடை பூட்டுமுன் செய்துவிடலாம். ‘பதிப்புரிமை மீறல், பேஜ் 24 மணிநேரத்தில் நீக்கப்படும்’ என்று பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டாவின் பெயரில் வரும் மோசடிச் செய்தியில் உள்ள லிங்கை மட்டும் யாரும் தொட வேண்டாம்.