அண்ணாந்து பார்க்காதீர்கள்: சோலைக்காட்டுக் குருவியைப் பார்ப்பது எப்படி?

பறவை பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் முதல் நாள் செய்யும் வேலை, கழுத்து வலிக்க மரத்தையே அண்ணாந்து பார்ப்பது. நானும் அப்படித்தான் இரண்டு காலைப் பொழுதுகளைக் கோட்டைவிட்டேன். நாம் தேடும் சோலைக்காட்டுக் குருவியான கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானோ பெரும்பாலும் நம் முழங்கால் உயரத்தில்தான் நடமாடும்.

1. இடம்: இந்தக் குருவி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நீலகிரி, பழனி, ஆனைமலை என்று 1500 மீட்டருக்கு மேலே போய், ஓடை ஓரமாக இருட்டாக இருக்கும் சோலையாக, அதாவது உயர்ந்த மலைகளின் மடிப்புகளில் அடர்ந்து வளரும் காடாகப் பாருங்கள். மேலே நாவல் மரங்கள், கீழே குறிஞ்சிப் புதரும் பெரணியும், தரையெல்லாம் ஈரச் சருகு. அந்தச் சருகில் ஊரும் பூச்சிதான் இதற்குச் சாப்பாடு, அதனால் அடியில் புதரே இல்லாத தைல மரத் தோப்பில் தேடிப் பயனில்லை. வனத்துறை அனுமதி வேண்டிய இடமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

2. நேரம்: மார்ச்சிலிருந்து மே வரை, விடிந்த கையோடு. ஆண் பாடும் காலம் அது.

3. பைனாகுலர்: 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. அகலமுள்ள பைனாகுலர் போதும். ஆனால் இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் இது சில சமயம் காலடியிலேயே வந்து நிற்கும்.

4. உட்காருங்கள்: நடந்துகொண்டே தேடினால் கிடைக்காது. அட்டை ஏறாமல் காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொண்டு, பாதை ஓரமாக அசையாமல் அரைமணி நேரம். உலோகக் கம்பியைச் சுண்டியது போல மெல்லிய சத்தம் முதலில் கேட்கும். அப்புறம் தாழ்ந்த கிளை ஒன்றில் ஆரஞ்சாக ஏதோ அசையும், சருகில் குதித்து ஒரு பூச்சியைக் கவ்வும், மறுபடி அதே கிளைக்கே போய் உட்காரும்.

5. அடையாளம்: ஆணுக்குத் தலையும் இறக்கையும் கருப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. பெண்ணுக்குக் கருப்பு இருக்கும் இடத்தில் மங்கிய பழுப்பு. குளிர்காலத்தில் ஊட்டிப் பக்கம் வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கும் நெஞ்சு ஆரஞ்சுதான், ஆனால் முதுகு சாம்பல் நிறம்.

6. போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். தன் எல்லைக்குள் வேறு ஆண் நுழைந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அலைபாயும். தாழ்ந்த புதரில் காய்ந்த புல்லும் பெரணியும் உருண்டையாகத் தெரிந்தால் அது கூடாக இருக்கலாம், உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டை இருக்கும். கேமராவை எடுக்காமல், வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள்.