ஆடி மழைக்கு மருந்துக்கஞ்சி: அளவும் பக்குவமும்

குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாமழை. மழை நாளில் வாதம் கூடும், வயிற்றுத் தீ மந்திக்கும் என்பது ஆயுர்வேதக் கணக்கு. அந்த மந்தத்துக்குத்தான் கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆடியில் மருந்துக்கஞ்சி வைக்கிறார்கள். ஆடியைக் கர்க்கடகம் என்றே சொல்லும் வீடுகள் அங்கே இன்னும் உண்டு.

மூன்று பேருக்கு ஞவர அரிசி (மருந்துக்குப் பயன்படும் கேரள நெல்வகை) 150 கிராம், உலுவா (வெந்தயம்) ஒரு மேசைக்கரண்டி, ஆசாளி (கார்டன் கிரெஸ் என்னும் சிறு விதை) ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, நல்லமிளகு ஆறு, பால் பிழியத் தேங்காய் ஒரு முறி (ஒரு மூடி). ஞவர கிடைக்காவிட்டால் பழைய சிவப்புப் புழுங்கலரிசியை ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளலாம். புது அரிசி வேண்டாம், மந்தம்.

உலுவாவை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் கசப்பில் பிள்ளைகள் ஒரு வாய்க்குமேல் குடிக்காது. ஆசாளியைக் கழுவவே கூடாது. நனைந்த மாத்திரத்தில் வழவழவென்று பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். முறத்தில் புடைத்தால் போதும்.

அரிசியையும் உலுவாவையும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் சிறுதீயில் குழைய வேகவிடுங்கள். அதன்பிறகு தேங்காயின் இரண்டாம் பால், ஆசாளி, சுக்கு, பொடித்த சீரகம், நல்லமிளகு சேர்த்துப் பத்து நிமிடம். அடி பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான், அகப்பையை விடாதீர்கள். அடுப்பை அணைத்த பிறகே தலைப்பால் (முதல் பால்). கொதியில் ஊற்றினால் திரிந்துபோகும். கடைசியாக உப்பு.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஏழு மணிக்குள், இளஞ்சூட்டில், ஏழு நாள் தொடர்ந்து. கஞ்சி குடித்துவிட்டு நாலு தோசையும் தின்றால் பசி திரும்பாது. பாதிப் பேர் "பலன் இல்லை" என்பது இதனால்தான். கர்ப்பிணிகளுக்கு ஆசாளியும் இத்தனை உலுவாவும் ஆகாது. சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்; உலுவா சர்க்கரையை இன்னும் இறக்கும். கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம்.

சிலர் வயல்வரப்பில் பச்சிலை பறித்து அரைத்துச் சேர்ப்பார்கள். செடி நன்றாகத் தெரிந்தால் மட்டும், அதுவும் வாய்க்கால் ஓரத்தில் பறிக்காமல். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் அங்கே ஏறி இறங்கியிருக்கும்.

குடிக்கச் சீரகத் தண்ணீர். இரண்டு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சீரகம். தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது கழிய வேண்டும். சூடு ஆற்றப் பச்சைத்தண்ணீரைக் கலக்காதீர்கள்; கலந்தால் காய்ச்சியதும் வீண், கேஸும் வீண்.

சளி, காய்ச்சல் இருக்கும்போது எண்ணெய் தேய்த்துக் குளிக்காதீர்கள். வெள்ளத்தில் இறங்கி வேலை பார்த்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கஷாயம் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணீரில் நின்றதையும் சொல்லிவிடுங்கள்.