படைப்பிரிவுக்கு ஆவண மென்பொருள் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பட்டாலியனுக்கு ஆவண மென்பொருள் செய்யப் போகிறவர்கள் முதலில் போய் உட்காருவது கமாண்டிங் ஆபீசர் முன்னால்தான். எந்த ரிப்போர்ட் வேண்டும், எத்தனை பேர் லீவில் இருக்கிறார்கள் என்பது திரையைத் திறந்ததுமே தெரிய வேண்டுமா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். அவர் சொல்வது நியாயமான தேவைதான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். அந்த ஆவணத்தை மலைபோல நம்பி வரப்போகிறவர் அன்றைக்கு அந்த அறையிலேயே இல்லை. பீரங்கிச் சத்தத்தில் காது போனதற்கு முப்பது வருடம் கழித்து ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கும் முன்னாள் சிப்பாய், கணவர் இறந்தபின் குடும்பப் பென்ஷனுக்கு அலையும் மனைவி என்று அந்த வரிசை நீளும். இவர்களை மனதில் வைக்காமல் வடிவமைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

எந்தத் தகவல் யாருக்கு எப்போது உதவும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வியட்நாம் போரில் அமெரிக்க விமானப்படை ஒவ்வொரு பறப்புக்கும் தேதி, இடம், விமான வகை, போட்ட குண்டு, எண்ணிக்கை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியது. அன்றைய நோக்கம் கணக்குக் காட்டுவது. 2000-ல் அதிபர் கிளிண்டன் வியட்நாம் போனபோது அந்தத் தரவு அங்கே கொடுக்கப்பட்டது. வியட்நாமிலும் லாவோஸிலும் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகளைத் தேடுகிறவர்களுக்கு அது வழிகாட்டியாக ஆனது. 'மாத மொத்தம் மட்டும் போதும், ஒவ்வொரு பறப்பின் இட விவரம் எதற்கு?' என்று யாராவது அன்று அந்தக் கட்டத்தை நீக்கியிருந்தால் இது நடந்திருக்காது. எனவே சுருக்கத்தை மட்டும் சேமிக்காதீர்கள். யார், எங்கே, எப்போது, என்ன என்ற மூலத் தகவல் அப்படியே இருக்கட்டும். சுருக்கத்தை எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதே தரவு இன்னொன்றையும் காட்டுகிறது. அது அந்தக் கால ராணுவக் கணினிகளுக்கென்றே உருவான கோப்பு வடிவத்தில் இருந்ததால், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் அதைப் பொது வடிவத்துக்கு மாற்ற மெனக்கெட வேண்டியிருந்தது. மென்பொருளை விற்கும் நிறுவனம் இல்லாமல் போனாலும் தரவைத் திறக்க முடிய வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரே பிரதி, ஒரே இடம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி தேசியப் பணியாளர் ஆவண மையம் இருந்தது. 1973 ஜூலை 12 அன்று நள்ளிரவு தாண்டி அதன் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. ஆவணங்கள் அடுக்கியிருந்த பகுதியில் நீர்தெளிப்பான் கிடையாது. தீ முழுசாக அணைய நான்கு நாளுக்கு மேல் ஆனது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான பணிக்கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் போயிற்று. இரண்டு உலகப் போர்களுக்கும் கொரியப் போருக்கும் போய்வந்தவர்களும் இவர்களில் அடக்கம்.

நகல் எடுத்து வைக்கவில்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. அதைவிடக் கொடுமை, அங்கே யார் யாருடைய கோப்பு இருந்தது என்று சொல்ல முழுமையான அட்டவணையே இல்லை. எதை இழந்தோம் என்பதே தெரியாத நிலை. எரிந்தும் நனைந்தும் பூஞ்சை பிடித்தும் மிஞ்சிய காகிதங்களைக் காயவைத்துப் பிரித்து, வேறு அலுவலகங்களில் கிடைத்த சான்றுகளோடு சேர்த்து, ஒவ்வொருவர் வரலாற்றையும் மறுபடி கட்டும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது.

அதற்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமானவை கம்பெனி என்ற சிறு படைப்பிரிவு அளவில் தினமும் எழுதப்பட்ட காலை அறிக்கைகள். அவற்றில் எல்லோர் பெயரும் இருக்காது. அன்று நிலை மாறியவர்கள் மட்டும்தான்: இவர் மருத்துவமனைக்குப் போனார், இவர் லீவிலிருந்து திரும்பினார், இவரைக் காணவில்லை, இவர் இறந்தார். பணிக்கோப்பு ஓர் இடத்தில் எரிந்தாலும், யூனிட் தனியாக எழுதி வைத்த பதிவு வேறு இடத்தில் பிழைத்திருந்தது. நம் டிஜிட்டல் அமைப்புக்கு இங்கே பெரிய பாடம் இருக்கிறது. 'தகவல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்' என்ற ஆசையில் எல்லாவற்றையும் ஒரே டேட்டாபேஸில் கரைத்துவிடக் கூடாது. ஆளின் பதிவும் யூனிட்டின் பதிவும் தனித்தனியே நிற்க வேண்டும், ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்க்க முடிய வேண்டும். பேக்கப் வேறு ஊரில், வேறு பாஸ்வேர்டில், வேறு ஆளின் பொறுப்பில் இருக்க வேண்டும். அட்டவணைக்கு மட்டுமாவது தனிப் பிரதி வேண்டும்.

பெயர், எண், பழைய நிலை

நம் ராணுவத்தில் காலை அறிக்கையின் வேலையை ஓரளவு பார்ட் டூ ஆர்டர் என்ற மாற்ற அறிவிப்பு செய்கிறது. ஒரு சிப்பாய் லீவில் ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்புகிறார் என்று வையுங்கள். யூனிட் அதை பார்ட் டூ ஆர்டராக வெளியிட வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீசுக்கும் (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கு) சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தால்தான் மனைவி பெயர் ஆவணத்தில் ஏறும். குழந்தை பிறந்தாலும் அப்படித்தான். விட்டுப்போனால் அவர் பணியில் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. அவர் இறந்த பிறகு, திருமணத்தை நிரூபிக்கும் வேலை அந்த அம்மாவின் தலையில் விழுகிறது.

இந்த நடைமுறையை மென்பொருளாக்குகிறவர்கள் செய்யும் பெரும் தவறு, கடைசி நிலையை மட்டும் சேமிப்பது. 'திருமணமாகாதவர்' என்ற இடத்தில் 'திருமணமானவர்' என்று மேலெழுதிவிடுவார்கள். எப்போது மாறியது, எந்த ஆர்டர் எண்ணில் மாறியது, யார் மாற்றினார் என்பதெல்லாம் போய்விடும். பழைய காகித முறை மாற்றங்களைத்தான் பதிவு செய்தது. அதுதான் சரி. ஒவ்வொரு மாற்றமும் தனி வரியாகச் சேர வேண்டும். தவறாகப் பதிந்திருந்தால் திருத்தமும் இன்னொரு வரியாக வர வேண்டும், பழையது அழியக் கூடாது.

அப்புறம் எண். ஹவில்தாராக இருக்கும்வரை ஓர் எண், நாயப் சுபேதார் ஆனதும் புதிய ஜே.சி. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) எண். ஒரே மனிதர்தான். எண்ணையே அடையாளமாக வைத்துக் கட்டிய டேட்டாபேஸில் இவர் இரண்டு பேராகிவிடுவார், முதல் இருபது வருடப் பணி இன்னொருவர் கணக்கில் நிற்கும். அமெரிக்கத் தரைப்படையும் 1969 ஜூலையில் பணி எண்ணைக் கைவிட்டு சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறியது, பின்னர் அதையும் விட்டு வேறு எண்ணுக்குப் போயிற்று. எண்கள் மாறும். அமைப்புக்குள் வெளியே தெரியாத ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு, அவருக்கு இருந்த எல்லா எண்களையும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரத்தோடு அதில் இணைப்பதுதான் பாதுகாப்பு.

பெயரைப் பற்றித் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாம். டிஸ்சார்ஜ் புக்கில் 'எம். கருப்பையா', ஆதாரில் 'கருப்பையா முத்து', பான் கார்டில் 'முத்து கருப்பையா', ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஒவ்வொன்றிலும் ஒரு விதம். 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கிய படிவம் அப்பா பெயரை அவருக்குக் குடும்பப் பெயராக்கிவிடுகிறது. பாதுகாப்புத் துறைப் பென்ஷன்தாரர்களை ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்கு மாற்றியபோது, பெயரும் பிறந்த தேதியும் ஆவணங்களுக்கிடையே ஒத்துப்போகாத சிக்கல் நாடு முழுக்க எழுந்தது. பெயருக்கு ஒற்றைக் கட்டம் போதும். பணியில் சேர்ந்தபோது எழுதியது எழுதியபடியே அதில் இருக்கட்டும். மற்ற வடிவங்களை மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஆவணங்களில் ஓர் எழுத்து மாறினால் கணினி தானாக நிராகரிக்கக் கூடாது, ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்ய அனுப்ப வேண்டும்.

திரும்பும்போது சேகரித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பங்கேற்ற பல அமெரிக்கப் படைப்பிரிவுகளின் களப் பதிவுகள் காணவில்லை என்று 2012-ல் புரோபப்ளிகா, சியாட்டில் டைம்ஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் சேர்ந்து வெளிப்படுத்தின. சில பிரிவுகள் எழுதவே இல்லை. சில பிரிவுகள் ஊர் திரும்பும்போது பாதுகாப்பு கருதி ஹார்ட் டிஸ்க்குகளை அழித்துவிட்டன. இத்தனைக்கும் அந்த ராணுவத்திடம் மத்திய ஆவண மென்பொருள் இருந்தது. குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டதை நிரூபிக்க முடியாமல் திண்டாடிய வீரர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ராணுவச் செயலர் ஜான் மெக்யூ இருக்கும் பதிவுகளைத் தேடிச் சேர்க்க உத்தரவிட்டார்.

பணிக்காலம் முடிந்ததும் மொத்தமாக அனுப்பு என்று விட்டால் வராது. மூட்டை கட்டும் வாரத்தில் ஆவணம் யாருக்கும் நினைவில் இருக்காது. அன்றன்றைய பதிவு அன்றன்றே யூனிட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். நெட்வொர்க் இல்லாத மலையுச்சியில் இருந்தால் சாதனத்திலேயே சேர்த்துவைத்து, தொடர்பு கிடைத்ததும் தானாகப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தது என்ற ரசீது திரும்பி வராமல் அந்த ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவே முடியாதபடி நடைமுறை இருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆப்கானிஸ்தானில் விடியற்காலை 3 மணிக்கு நடந்த தாக்குதல், ராணுவம் பயன்படுத்தும் ஜூலு நேரப்படி (அதாவது கிரீனிச் நேரப்படி) முந்தைய நாள் இரவு 10.30. ஒரு யூனிட் உள்ளூர் நேரத்திலும் இன்னொன்று ஜூலுவிலும் எழுதினால் ஒரே சம்பவம் இரண்டு தேதிகளில் இரண்டு சம்பவங்களாகத் தெரியும். பின்னாளில் அடிபட்டவர் சொல்லும் தேதியில் ஒன்றுமே நடக்கவில்லை என்று பதில் வரும். கிளார்க் எந்த நேரத்தைத் தட்டினாலும் இரண்டையும் சேமிப்பது கணினியின் பொறுப்பு.

ரகசியமும் அழிக்கும் கெடுவும்

அமெரிக்க ராணுவ உளவுத் தகவல் ஆய்வாளர் செல்சி மேனிங் வழியாக 2010-ல் 3,91,832 ஈராக் களப் பதிவுகள் வெளியே வந்தன. பாக்தாத் அருகே பணியிலிருந்த ஒரே ஆள் அத்தனையையும் நகலெடுக்க முடிந்தது, அப்போது எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. ஆகவே யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கணினி கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இதற்குப் பயந்து எல்லாவற்றுக்கும் 'ரகசியம்' முத்திரை குத்துவதும் தவறுதான். ஒரு வரி ரகசியம் என்பதற்காக முழுக் கோப்பையும் பூட்டினால், அதிலிருக்கும் காயப் பட்டியலும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். முத்திரை பத்தி அளவில் இருக்கட்டும், அது விலகும் தேதியும் பதியும்போதே ஏறட்டும். நம் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் வெளியிட்ட கொள்கையும் போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்தலாம் என்கிறது.

அழிக்கும் முடிவைக் கிளார்க்கிடம் விடாதீர்கள். நீளமான பட்டியலைக் காட்டி 'இது எந்த வகை?' என்று கேட்டால், வேலை முடிந்தால் போதும் என்று முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. படிவத்தின் வகையைப் பார்த்துக் கெடுவைக் கணினியே நிர்ணயிக்க வேண்டும். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பின் அழிக்க நம் ராணுவ ஒழுங்குமுறை இடம் தருகிறது. அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்கள், ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது என்ற பதிலைக் கேட்க வேண்டியிருக்கிறது. காகிதத்துக்கு இடப் பற்றாக்குறை இருந்தது, நியாயம். சில கிலோபைட் தரவுக்கு அதே கெடுவை அப்படியே எடுத்து எழுத வேண்டியதில்லை.

மென்பொருளை ஏற்றுக்கொள்ளும் முன் ஒரு சோதனை வையுங்கள். அமைப்பை முன்பின் பார்த்திராத ஒரு கிளார்க்கை உட்கார வையுங்கள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய தேதி ஒன்றையும், எழுத்துப்பிழையோடு ஒரு பெயரையும், பழைய எண்ணையும் கொடுங்கள். இவர் அன்று எங்கே இருந்தார், கூட யார் இருந்தார்கள், காயம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பேக்கப்பிலிருந்து மீட்ட பிரதியில்தான் அவர் தேட வேண்டும். அரை மணி நேரத்தில் பதில் வரவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.