ரேஞ்ச்ஃபைண்டரில் எந்த லென்ஸுக்கு எந்தக் கோடு? மொட்டை மாடியில் ஒரு பயிற்சி

முதன்முறை ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கியவர்கள் ஒன்று செய்து பாருங்கள். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் வியூஃபைண்டரில் கண்ணை வையுங்கள். எதிரே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவாக இருந்தால் இருட்டுதான். இங்கே நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. அதிகப் பரப்பைப் பிடிக்கும் 28 மி.மீ. அகன்ற லென்ஸ் மாட்டினாலும், குறைவாகப் பிடிக்கும் 90 மி.மீ. நீண்ட லென்ஸ் மாட்டினாலும் அந்த ஜன்னலில் காட்சி மாறாது. படத்தில் எவ்வளவு விழும் என்று சொல்வது அதில் செவ்வகமாக மிதக்கும் வெள்ளைக் கோடுகள் மட்டும்தான். கோடும் லென்ஸும் பொருந்தாமல் போனால் கேமரா எந்த எச்சரிக்கையும் தராது.

எனக்கு இது உறைத்தது குடியாத்தத்தில், அண்ணன் மகளின் காதணி விழாவில். திருகி மாட்டும் வகை (திருகு மவுண்ட்) பழைய 50 லென்ஸை ஓர் அடாப்டர், அதாவது இணைப்பு வளையம், போட்டு மாட்டியிருந்தேன். கோட்டுக்குள் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தேன். பிலிமைக் கழுவி வாங்கியபோது ஒரு ஓரத்தில் பெரியம்மா இல்லை, மறு ஓரத்தில் மாமா இல்லை. அடாப்டர் கொண்டுவந்து காட்டியது 35-இன் கோடு. அன்றைக்குப் பெரியம்மாவை வேறு யாரும் படம் எடுக்கவில்லை. அதனால்தான் இதைப் பொறுமையாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் கேமராவில் என்னென்ன கோடுகள்?

1954-இல் வந்த லைக்கா எம்3-இல் 50, 90, 135 மூன்றுக்கும் கோடு உண்டு, 35-க்குக் கிடையாது. எம்2-வில் 35, 50, 90. எம்6-இல் ஆறு கோடுகள், ஜோடி ஜோடியாக: 28-உம் 90-உம், 35-உம் 135-உம், 50-உம் 75-உம். கேனன் பி-யில் 35, 50, 100 மூன்றும் எப்போதும் ஒன்றாகவே தெரியும். யாஷிகா எலக்ட்ரோ 35 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் 45 மி.மீ. லென்ஸ் கழலாது, கோடும் ஒன்றுதான். நீங்கள் நேராக நான்காம் படிக்குப் போகலாம்.

படி 2: கோட்டைத் தேர்ந்தெடுப்பது யார்?

ஃபாக்ட்லெண்டர் பெஸ்ஸா ஆர்2ஏ, ஆர்3ஏ போன்றவற்றில் நீங்கள்தான். மேல்தட்டில் இருக்கும் சிறு விசையை நகர்த்த வேண்டும். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்றக் கை பழக வேண்டும்.

லைக்கா எம் வரிசையில் கோடு தானாக மாறும். எப்படி என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். லென்ஸின் பின்புற உலோக வளையத்தில் ஒரு புடைப்பு இருக்கிறது. லென்ஸை மாட்டித் திருப்பும்போது, கேமராவின் வாய்க்குள் இருக்கும் சின்ன நெம்புகோலை அது தள்ளுகிறது. எவ்வளவு தள்ளுகிறதோ அதற்கேற்ற கோடு வருகிறது. கேமராவுக்கு லென்ஸின் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த உலோகம் சொல்வதை அப்படியே நம்பும்.

திருகு மவுண்ட் லென்ஸுக்கு அந்தப் புடைப்பு அடாப்டரில் இருக்கிறது. அடாப்டரில் மூன்று வகை: 28-90, 35-135, 50-75. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எதில் மாட்டினாலும் லென்ஸ் உட்காரும், ஃபோகஸும் சரியாக வரும், கோடு மட்டும் தப்பாக இருக்கும். வாங்கும்போது எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் நகப்பூச்சால் ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணப் புள்ளி வைத்துவிடுங்கள். கல்யாண மண்டபத்து அவசரத்தில் சின்ன எழுத்தைப் படிக்க முடியாது.

படி 3: ஜோடியில் எது உங்களுடையது?

வெளியே பெரிதாக இருப்பது அகன்ற லென்ஸுக்கு, உள்ளே சிறிதாக இருப்பது நீண்ட லென்ஸுக்கு. எம்6-இல் லென்ஸ் மவுண்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. அதை லென்ஸ் பக்கம் தள்ளினால் 28-90, வெளிப்பக்கம் தள்ளினால் 35-135, நடுவில் விட்டால் 50-75. லென்ஸை மாற்றாமலே மற்ற லென்ஸ் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்கத்தான் இது. நெம்புகோலைத் தொடாதபோது எந்த ஜோடி தெரிகிறதோ அதுதான் மாட்டியிருக்கும் லென்ஸ் கேட்ட கோடு.

இரண்டு விதிவிலக்குகள். எம்3-இல் சாதாரண 35 லென்ஸ் மாட்டினால் 135-இன் கோடுதான் வரும், ஏனென்றால் இரண்டுக்கும் புடைப்பு ஒன்றே. அங்கே மேலே செருகும் தனி வியூஃபைண்டர் வேண்டும். 40 மி.மீ. லென்ஸை எம்6-இல் மாட்டினால் 50-இன் கோடு வரும். சிலர் புடைப்பை அரத்தால் ராவி 35-இன் கோட்டை வரவைப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 50-இன் கோட்டை வைத்து 40-இல் எடுத்தால் ஓரங்களில் கூடுதலாகத்தான் விழும், யாரும் வெட்டுப்பட மாட்டார்கள்.

படி 4: கோடு ஏன் நகர்கிறது?

கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், விரல் தாவும். பள்ளியில் இடமாறு தோற்றம் என்று படித்தது இதைத்தான். ஜன்னலும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் கிட்டத்தில் இந்தத் தாவல் பெரிதாகும். அதைச் சரிசெய்யத்தான் கிட்ட ஃபோகஸ் செய்யும்போது கோடு வலது கீழ்ப்பக்கம் நகர்கிறது. எனவே முதலில் ஃபோகஸ், பிறகுதான் ஓரங்களைப் பார்ப்பது.

இடம் மாறுமே தவிர, லைக்காவில் கோட்டின் அளவு மாறாது. ஆனால் லென்ஸ் பிடிக்கும் பரப்பு மாறும். 50 லென்ஸை 0.7 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால் அது கிட்டத்தட்ட 4 மி.மீ. முன்னே வருகிறது, பார்வை 7-8 சதவீதம் போலக் குறுகுகிறது. எம்6-இன் கோடு இந்தக் கிட்டத்துக் கணக்குக்கு வரையப்பட்டது. அதனால் தூரத்துக் காட்சியில் கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் படத்தில் விழும்.

படி 5: சாக்பீஸ் சோதனை

மொட்டை மாடிச் சுவரில் 2.1 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் உயரத்துக்கு சாக்பீஸால் ஒரு செவ்வகம் வரையுங்கள். 3 மீட்டர் தள்ளி, அதன் நடுவுக்கு நேராக ஸ்டாண்டில் கேமராவை நிறுத்துங்கள். 50 லென்ஸ் அந்தத் தூரத்தில் பிடிக்கும் பரப்பு ஏறக்குறைய இதுதான். சரியான கோடு வந்திருந்தால் செவ்வகத்தின் ஓரம் கோட்டை ஒட்டியோ சற்று வெளியிலோ இருக்கும். தவறி 35-இன் கோடு வந்திருந்தால், செவ்வகத்துக்கு இரு பக்கமும் அரை மீட்டர் போலச் சுவர் கோட்டுக்குள்ளேயே தெரியும். குடியாத்தத்தில் பெரியம்மாவும் மாமாவும் நின்றது அந்த அரை மீட்டரில்தான்.

இன்னும் உறுதி வேண்டுமானால், பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் (அழுத்தும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, ஷட்டர் பொத்தானில் மாட்டும் கேபிளால் திறந்து, மூடாதபடி பூட்டுங்கள். பிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் டிரேசிங் பேப்பரைத் தட்டையாகப் பிடித்து, தலையில் கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டு பாருங்கள். லென்ஸ் பிடிக்கும் காட்சி தலைகீழாக அதில் விழும். பேப்பரை உள்ளே அழுத்தக் கூடாது, ஷட்டர் துணி மிக மெல்லியது.

இன்னொன்று. இதைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். சூடு மட்டும் காரணமல்ல. துணி ஷட்டர் கொண்ட ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் அந்தத் துணிக்கும் நடுவில், எஸ்எல்ஆரில் இருப்பதுபோல வெயிலைத் திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் இல்லை. மூடி போடாத லென்ஸ் வேலூர் வெயிலைப் பார்த்தபடி கிடந்தால் துணியில் ஓட்டை விழும்.

படி 6: கோட்டையில் ஒரு ரோல்

சரி, இனி தூரத்துக் கணக்கு. வேலூர்க் கோட்டை அகழியின் வெளிக்கரையில் நின்று, எதிர்ச்சுவரின் ஒரு கொத்தளத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் வலது விளிம்பு கோட்டின் மேலேயே படும்படி ஒரு படம், விளிம்பு கோட்டுக்குச் சற்று வெளியே போகும்படி இன்னொன்று. ஒவ்வொரு லென்ஸிலும் இப்படி இரண்டு. நெகட்டிவ் வந்ததும் விளிம்பு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது படத்திலும் அது முழுதாக இருந்தால், எவ்வளவு உபரி கிடைக்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து கேமராவின் அடித்தட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.