‘வழங்கியது’ என்று எழுதாதீர்கள்: பொட்டவாட்டமி வரலாறு எழுதுவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் நான்கு கட்டுரைகள் என்னிடம் திருத்தத்துக்கு வந்தன. நான்கும் அமெரிக்காவின் பேரேரிப் பகுதிப் பழங்குடிகளான பொட்டவாட்டமி மக்களைப் பற்றியவை. எழுதியவர்கள் மிச்சிகன், இண்டியானா பக்கம் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ் இளைஞர்கள். தாங்கள் குடியிருக்கும் ஊர் முன்பு யாருடையது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவர்களுக்கு இருக்கிறது. அது நல்ல ஆசை. ஆனால் பென்சிலோடு உட்கார்ந்து படிக்கப் படிக்க, பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளே ஒவ்வொன்றாக எதிரே வந்தன. அவற்றில் ஒன்று என்னுடைய வாக்கியமேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுத்துப்பிழை, ஆண்டுக் குழப்பம், ‘செவ்விந்தியர்’ என்ற பழைய சொல், இதையெல்லாம் நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே மக்கள், ஆகவே ஒரே அரசு என்று நினைப்பது

ஒஜிப்வே, ஒடாவா மக்களோடு சேர்ந்த ‘மூன்று நெருப்புகளின் அவை’யில் நெருப்பைக் காப்பது பொட்டவாட்டமிகளின் பொறுப்பு. பொட்டவாட்டமிகளுக்குள் மொழியும் மரபும் ஒன்றுதான். அரசு ஒன்று அல்ல. அமெரிக்க மத்திய அரசு ஏற்றிருக்கும் பொட்டவாட்டமி அரசுகள் இன்று ஏழு. மிச்சிகனில் போகேகன், நாட்டவாசெப்பி ஹியூரான், கன் லேக், ஹானாவில், விஸ்கான்சினில் ஃபாரஸ்ட் கவுண்டி, கான்சாஸில் ப்ரெய்ரி, ஓக்லஹோமாவில் சிட்டிசன். இவற்றில் போகேகன் அரசின் எல்லை இண்டியானாவுக்குள்ளும் நீள்கிறது. கனடாவிலும் பொட்டவாட்டமி குடும்பங்கள் வாழும் சமூகங்கள் உண்டு.

வந்த கட்டுரைகளில் ஒன்று, பதினாறு பேர் கொண்ட சட்டமன்றத்தைப் போகேகன் அரசின் தலைமையிடமான டொவாஜாக்கில் கூட்டிவிட்டது. அந்தச் சட்டமன்றம் ஓக்லஹோமாவின் ஷானி நகரில் இருக்கும் சிட்டிசன் பொட்டவாட்டமி தேசத்துடையது. அதன் பதினாறு பேரில் எட்டுப் பேர் ஓக்லஹோமாவுக்கு வெளியே வாழும் குடிமக்களின் பிரதிநிதிகள். தலைமுறை தலைமுறையாகச் சிதறடிக்கப்பட்ட ஒரு மக்கள், தொலைவில் இருப்பவர்களையும் ஆட்சிக்குள் வைத்துக்கொள்ள 2007 அரசமைப்பில் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்தால், அந்த ஏற்பாடு ஏன் பிறந்தது என்பதே காணாமல் போய்விடும்.

‘வழங்கியது’

இப்போது என்னுடைய வாக்கியத்துக்கு வருகிறேன். “1994-இல் அமெரிக்க அரசு போகேகன் மக்களுக்குத் தன்னாட்சி வழங்கியது.”

வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு நூல் எழுதினேன். பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு முந்நூறு படிகள் அச்சடித்தோம். 19ஆம் பக்கத்தில் இந்த வாக்கியம் இருந்தது. போகேகன் சமூகத்தைச் சேர்ந்த மூத்த பெண்மணி ஒருவரிடம் நூலை மகிழ்ச்சியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டச் சொன்னார். 19ஆம் பக்கம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “அப்படியானால் 1993-இல் நாங்கள் யார்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தச் சட்டத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் படித்திருக்க வேண்டியது. அதில் ‘வழங்குகிறோம்’ என்ற பொருளில் ஒரு சொல்கூட இல்லை. ஏற்பு ‘உறுதி செய்யப்படுகிறது’ என்றுதான் இருக்கிறது. நிறுத்தி வைத்திருந்த மத்திய அரசுச் சேவைகளை மீட்டுத் தரும் சட்டம் அது. பழைய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்களின் அரசியல் வாரிசுகள் இவர்கள் என்று சட்டமே சொல்கிறது.

கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். 1833-இல் சிகாகோவில் ஏறத்தாழ 50 லட்சம் ஏக்கருக்கு ஒப்பந்தம் போட்டது அமெரிக்க அரசு. எதிரே இருந்தவர்களுக்கு ஆட்சி என்று ஒன்று இல்லையென்றால் யாரோடு ஒப்பந்தம் போட்டது? அந்த ஒப்பந்தத்திலேயே தலைவர் லியோபோல்ட் போகேகன் தம் மக்கள் மிச்சிகனில் தங்குவதற்கு இடம் பிடித்துக்கொண்டார். பிறகு டொவாஜாக் அருகே சில்வர் க்ரீக்கில் பணம் கொடுத்து நிலம் வாங்கினார். 1840-இல் ராணுவம் அவர்களையும் அப்புறப்படுத்தப் பார்த்தபோது, மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதி எபாஃப்ரொடிட்டஸ் ரான்சமிடம் போய், தங்களுக்கு இங்கே இருக்க உரிமை உண்டு என்ற கருத்தை எழுத்தில் வாங்கி வந்தார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். அவருக்குப் பிறகும் ஆட்சி நின்றுவிடவில்லை. ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிப் பணத்துக்காக வழக்காடினார்கள். அது 1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. சிகாகோவில் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய கரை நிலம் தாங்கள் விட்டுக்கொடுக்காதது என்று 1914-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1917-இல் தோற்றார்கள். 1930களில், பழங்குடி ஆட்சிகளுக்காக அப்போது வந்த புதிய சட்டத்தின்கீழ் தங்களையும் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். அதுவும் கிடைக்கவில்லை. இவ்வளவும் 1994-க்கு முன்னால் நடந்தவை. மனு போட்டதும் வழக்காடியதும் யார்? அந்த மக்களின் ஆட்சிக்குழு.

‘வழங்கு’ என்பது தமிழில் எடை உள்ள சொல். அரசன் புலவனுக்குப் பரிசில் வழங்குவான், கோயிலுக்கு நிலம் வழங்குவான். கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. வழங்கியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். இது சொல் விளையாட்டு அல்ல. 1953-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய 108ஆம் தீர்மானம், பழங்குடி அரசுகளோடு உள்ள உறவை முடித்துக்கொள்வதே கொள்கை என்றது. முதலில் முடிக்க வேண்டியவர்கள் பட்டியலில் கான்சாஸ் பொட்டவாட்டமிகளின் பெயர் இருந்தது. ப்ரெய்ரி பிரிவின் தலைவராக இருந்த மின்னி எவன்ஸ் என்ற பெண் அதை எதிர்த்து நின்றார். 1954-இல் விசாரணைக் குழுவின் முன் அவருடைய மக்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களுடைய அரசு தப்பியது. ‘நாங்கள் கொடுத்தோம், நாங்களே எடுக்கிறோம்’ என்ற நினைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து, ‘முழுச் சுதந்திர நாடு’ என்றும் எழுதிவிடாதீர்கள். வரம்புகள் உண்டு. சிட்டிசன் பொட்டவாட்டமிகளின் கடையில் விற்ற சிகரெட்டுக்கு 27 லட்சம் டாலர் வரி கேட்டது ஓக்லஹோமா மாநிலம். 1991-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு பங்காகத் தீர்ப்புச் சொன்னது. பழங்குடி அரசின் சம்மதம் இல்லாமல் மாநிலம் அதன்மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் உறுப்பினர் அல்லாதவர்களுக்கு விற்றால் அந்த வரியை வசூலித்துக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் உண்மை.

சரி, என்ன சொல் போடுவது? ‘உறுதி செய்தது’, ‘ஏற்றது’. இரண்டில் ஒன்று போதும்.

கையில் மிஞ்சியிருந்த 140 படிகளில் திருத்தச் சீட்டு ஒட்டினோம். சமையலறை மேசையில் இரண்டு இரவு. பசை கூடினால் தாள் சுருங்கும், குறைந்தால் அடுத்த நாளே உரியும். மற்ற 160 படிகள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்டன. போன மாதம் வந்த கட்டுரையில் இருந்தது அப்படிப் போன ஒரு படியின் வாக்கியம். எழுதிய பெண் பத்து வயதில் அந்த நூலைப் படித்தவர். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

மரணப் பாதையோடு கதையை முடிப்பது

1838 செப்டம்பர் 4 அன்று இண்டியானாவின் ட்வின் லேக்ஸிலிருந்து 859 பொட்டவாட்டமிகளை ஆயுதம் தாங்கிய படை நடத்திச் சென்றது. நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த தலைவர் மெனாமினியைக் கூண்டு வண்டியில் ஏற்றினார்கள். ஏறத்தாழ 660 மைல் நடந்து நவம்பர் 4 அன்று கான்சாஸின் ஒசாவட்டமி சேர்ந்தார்கள். வழியில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதனால்தான் அது மரணப் பாதை. கூடவே போன பாதிரியார் பெஞ்சமின் பெட்டி, திரும்பும் வழியில் செயின்ட் லூயிஸில் இறந்தபோது வயது 27.

இதை எழுதத்தான் வேண்டும். ஆனால் கடைசிப் பத்தியாக வைத்தால் அந்த மக்களே அத்தோடு முடிந்தார்கள் என்று ஆகிவிடும். அப்புறம், இன்னொரு பழங்குடியான செரோக்கி மக்களை வெளியேற்றிய கண்ணீர்ப் பாதையும் இதுவும் ஒன்றல்ல.

‘சிட்டிசன்’ என்ற பெயரை விளக்காமல் விடுவது

கான்சாஸில் 1861 ஒப்பந்தம் மக்களை இரண்டாகப் பிரித்தது. நிலத்தைப் பொதுவாகவே வைத்துக்கொள்வோம் என்றவர்கள் ப்ரெய்ரி பிரிவு. ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து வாங்கி, அமெரிக்கக் குடியுரிமையும் பெறச் சம்மதித்தவர்கள் சிட்டிசன் பிரிவு. தனித்தனியாகப் பிரிந்த நிலம் வரிக்கும் கடனுக்கும் வேகமாகக் கைமாறியது. 1867 ஒப்பந்தப்படி, இன்று ஓக்லஹோமாவாக உள்ள பகுதியில் விலை கொடுத்து நிலம் வாங்கி, 1872 முதல் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். 1891-இல் அந்த நிலத்தின் பெரும்பகுதியும் வெளியார் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் இவ்வளவும் மறைந்துவிடும்.

பழங்குடி அரசுகள் நடத்தும் கசினோவில் கட்டுரையைத் தொடங்குவது

வேண்டாம்.

இடப்பெயர்கள்

டொவாகியாக் அல்ல, டொவாஜாக். அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நிலக் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பது

1829 ஒப்பந்தம் இல்லினாயில் ஷாபெனே என்ற தலைவருக்கு 1,280 ஏக்கர் ஒதுக்கியது. 1849-இல் அவர் கான்சாஸில் உறவினரைப் பார்க்கப் போயிருந்தபோது, நிலத்தைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்லி அரசு ஏலம் விட்டது. ப்ரெய்ரி பிரிவினர் அந்த இடத்தை மறக்கவில்லை. அங்கே அவர்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய ஏறத்தாழ 130 ஏக்கரை 2024 ஏப்ரலில் மத்திய அரசு, அவர்களுக்காகத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் நிலமாகப் (trust land) பதிவு செய்தது. இல்லினாய் மாநிலத்தில் மத்திய அரசின் ஏற்பு பெற்ற பழங்குடி அரசின் நிலம் இப்போது அது ஒன்றுதான். 2025 மார்ச்சில், பக்கத்தில் உள்ள ஷாபனா ஏரி மாநிலப் பூங்காவையும் அவர்களிடம் ஒப்படைக்க மாநிலம் சட்டம் இயற்றியது.

நான்காவது கட்டுரை இந்தச் செய்தியைச் சொல்லியிருந்தது. ‘அவர்களுக்கு நிலம் வழங்கப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன்: ‘நிலம் திரும்பி வந்தது’.