50-க்கு 46 வாங்கிய இரண்டு குழந்தைகள்: வாசிப்பை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடப்புத்தகத்தைத் திறந்ததும் குழந்தை கடகடவென்று ஒப்பிக்கிறது. விரல் இரண்டாம் வரியில் நிற்கிறது, வாய் நான்காம் வரிக்குப் போய்விட்டது. இதற்கு வாசிப்பு என்று மதிப்பெண் போடுவதுதான் முதல் தவறு. தெரிந்த சொற்கள் இருக்கலாம். ஆனால் பத்தி புதிதாக இருக்க வேண்டும். எழுத்துகளையும் அ, ஆ, இ என்று வரிசையாகக் காட்டாமல் கலைத்துக் காட்டுங்கள். வரிசையில் போனால் பாட்டாக வந்துவிடும். பத்தியை அச்சிடும்போது ஒரு சொல்லை வரிக் கடைசியில் உடைக்காதீர்கள். கோடு போடாமலே மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளுவது நமக்குப் பழக்கம். குழந்தைக்கு அது இரண்டு சொல்.

அடுத்தது, வாயைக் கட்ட முடியாமல் போவது. குழந்தை தயங்கியதும் “கொ... கொடி” என்று எடுத்துக்கொடுத்துவிடுகிறோம். அப்புறம் அந்தச் சொல்லைப் படித்தது யார்? 3 விநாடி பொறுங்கள். வராவிட்டால் தவறென்று குறித்துக்கொண்டு அடுத்த சொல்லைக் காட்டுங்கள். தானாகத் திருத்திக்கொண்டால் சரி என்றே கணக்கு. பக்கத்தில் ‘தி’ என்று மட்டும் குறியுங்கள். முகமும் பேசக் கூடாது. சரியாகச் சொன்னால் நீங்கள் தலையாட்டுவீர்கள் என்று தெரிந்துவிட்டால், குழந்தை எழுத்தைப் பார்ப்பதை விட்டு உங்கள் தலையைப் பார்க்கும்.

பெரிய இழப்பு வேறொரு தவறில் இருக்கிறது: தவறுகளை எண்ணிவிட்டு, அவை என்ன தவறுகள் என்று பார்க்காமல் விடுவது. 50 சொல் பத்தியில் இரண்டு குழந்தைகள் ஆளுக்கு 4 தவறு செய்கிறார்கள். இருவருக்கும் 46, அதாவது 92 சதவீதம். முதல் குழந்தை ‘காடு’ என்பதைக் ‘கடு’ என்றும், ‘மீன்’ என்பதை ‘மின்’ என்றும், ‘கொடி’யைக் ‘கெடி’ என்றும் படித்தது. ‘கொ’வில் கொம்பைப் பார்க்கிறது, வலப்பக்கத் துணைக்காலை விட்டுவிடுகிறது. இதற்குக் குறில் நெடிலும் உயிர்மெய்க் குறிகளும்தான் பாடம். இரண்டாவது குழந்தை ‘குருவி’ இருந்த இடத்தில் ‘பறவை’ என்றது, ‘கூடு’ இருந்த இடத்தில் ‘வீடு’ என்றது. இது பொருளை வைத்து ஊகிக்கிறது. எழுத்துக் கூட்டவே இல்லை. படத்தை மறைத்துவிட்டு ‘நிபோ’, ‘கெதூ’ மாதிரிப் பொருளற்ற சொற்களைக் கொடுத்தால் குட்டு வெளிப்படும். இவை சும்மா உருவாக்கிய சொற்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தெரிந்த சொல்லாக மாற்றிப் படிக்கப் பார்க்கும். ஆகவே குறிப்புத்தாளில் வெறும் பெருக்கல் குறி போதாது, குழந்தை சொன்னதை அப்படியே சொல்லின் மேல் எழுத வேண்டும்.

95 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் தானே படிக்கலாம், 90 முதல் 94 வரை துணையோடு, அதற்குக் கீழே பத்தி கடினம் என்பது பொதுவான அளவுகோல். அதை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ‘மரத்திலிருந்து’ தமிழில் ஒரே சொல். கடைசி எழுத்தில் சறுக்கினாலும் முழுச் சொல்லும் போகும்.

‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று படிப்பதும் தவறாகக் குறிக்கப்படுகிறது. பேச்சிலும் அப்படியே சொல்லும் குழந்தைக்கு அது வாசிப்புப் பிழை அல்ல. சந்தேகம் இருந்தால் ழ, ள, ல மூன்றையும் எழுதி, ‘பழம்’ என்ற சொல்லில் வருவது எது என்று தொடச் சொல்லுங்கள்.

வேகத்தைக் கணக்கிட 1 நிமிடத்தில் படித்த சொற்களிலிருந்து தவறுகளைக் கழியுங்கள்: 38 படித்து 5 தவறு என்றால் 33. “சீக்கிரம் படி” என்று சொல்லிவிட்டால் இந்த எண்ணுக்கு மதிப்பில்லை. முதல் 10 எழுத்துகளில் ஒன்றுகூட வராத குழந்தையிடம் மேலே கேட்காமல் நிறுத்திவிடுங்கள்.

பொருள் புரிந்ததா என்று பார்க்க “குருவி எங்கே கூடு கட்டியது?” என்று கேட்டால், படிக்காத பிள்ளையும் “மரத்தில்” என்று சொல்லிவிடும். பத்தியில் குருவி பழைய பானைக்குள் கூடு கட்டட்டும். கேள்விகளைப் பத்தியைப் பார்க்காத ஒரு குழந்தையிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். அது சரியாகச் சொல்லும் கேள்வியை எடுத்துவிடலாம்.