புராஸ்டேட் புற்றுநோய் ரிப்போர்ட்டில் வரும் சிக்னல் பாதைகளைப் படிப்பது எப்படி?

புராஸ்டேட் புற்றுநோய்க்கான மரபணு ரிப்போர்ட்டைப் பிரித்தால் ஏ.ஆர்., பி-டென், ஆர்.பி.1 என்று வெறும் எழுத்துகளாக இருக்கும். இணையத்தில் தேடினாலோ சிக்னல் பாதைகளை, அதாவது செல்லுக்குள் உத்தரவுகள் கைமாறும் வழிகளை, காட்டும் அம்புக்குறிகள் நிறைந்த படம் ஒன்று வரும், பார்த்ததுமே தலை சுற்றும். அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரே ஒரு கேள்வியோடு படியுங்கள்: ஆண்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஆண் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம் (ரிப்போர்ட்டில் ஏ.ஆர்.), இன்னும் வேலை செய்கிறதா? இந்த நோயில் மற்ற பாதைகளை எல்லாம் இந்தக் கேள்வியை ஒட்டிப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

டெஸ்டோஸ்டிரோன் புராஸ்டேட் செல்லுக்குள் போனதும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. அது வந்து ஒட்டியதும், அதுவரை சும்மா கிடந்த ஏற்பி உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வில் தனக்கான இடங்களில் உட்கார்ந்து பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்தப் பல மரபணுக்களில் ஒன்றுதான் ரத்தப் பரிசோதனையில் அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. அதனால் பி.எஸ்.ஏ. எண்ணைக் கட்டியின் அளவாக மட்டும் பார்க்காதீர்கள், இந்தப் பாதை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கோ முடி கொட்டுவதற்கோ ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பல மாதங்களாகச் சாப்பிடுபவருக்கு அந்த நொதி தடைபடுவதால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் அதை 6 போல எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாத்திரை விவரத்தை டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய, தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்த நோய் அடங்கும் என்று 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், அதற்கு 1966-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்றைய ஹார்மோன் ஊசிகளுக்கும் அடிப்படை அதுதான். சிக்கல் எங்கே என்றால், நாளடைவில் ஊசி போட்டும் பி.எஸ்.ஏ. ஏற ஆரம்பிக்கலாம். அப்போது உடனே ஊசி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாமல், டெஸ்டோஸ்டிரோன் அளவையும் சேர்த்துப் பாருங்கள். அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தும் நோய் வளர்கிறது என்றால்தான் ஹார்மோன் சிகிச்சையை மீறிய நிலை என்று சொல்வார்கள்.

அந்த நிலையிலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பது அதே ஆண்ட்ரோஜன் ஏற்பிதான்! பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. செல் அந்த ஏற்பியின் மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கிக்கொள்கிறது, கொஞ்சநஞ்ச ஹார்மோனே அதற்குப் போதும். அல்லது கட்டி தனக்கு வேண்டிய ஹார்மோனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அல்லது ஏற்பியின் வடிவம் மாறி வேறு ஹார்மோன்களுக்கும் இணங்கிவிடுகிறது. ரிப்போர்ட்டில் எல்702எச் என்ற ஏற்பி மாற்றம் இருந்தால் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டே அந்த ஏற்பியைத் தூண்டக்கூடும், ஹார்மோன் தயாரிப்பைத் தடுக்கும் அபிராடெரோன் மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம் என்பதால் இதை அவசியம் கேட்க வேண்டும். ஏ.ஆர்.-வி7 என்று இருந்தால் ஹார்மோன் ஒட்டும் பகுதியே இல்லாத ஏற்பி, ஹார்மோன் வராமலேயே இயங்கும். ஏற்பியைத் தடுக்கும் என்சாலுடமைடு மருந்து அந்தப் பகுதியில் போய் ஒட்டித்தான் வேலை செய்கிறது, அதனால் இங்கே அதன் பலன் குறைய வாய்ப்பு அதிகம்.

சரி, பி-டென்? அது செல்லை வளரத் தூண்டும் இன்னொரு சிக்னல் பாதையான பி.ஐ.3.கே.-ஏ.கே.டி. பாதையின் பிரேக். பிரேக் போய்விட்டால் செல்லுக்கு வளர், சாகாதே என்ற உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பாதையும் ஆண்ட்ரோஜன் பாதையும் ஒன்றையொன்று அடக்கிவைப்பவை, ஒன்றை மருந்தால் நிறுத்தினால் மற்றது தலைதூக்குகிறது. அதனால்தான் பி-டென் இழந்த கட்டிகளில் இரண்டையும் சேர்த்துத் தடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2-ஈ.ஆர்.ஜி. இணைவு (இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது) என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், இந்த நோயில் அது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது, அதை வைத்து மட்டும் சிகிச்சையை மாற்றுவதில்லை.

கவனம் வேண்டியது கட்டி வளராமல் தடுக்கும் மரபணுக்களான ஆர்.பி.1, டி.பி.53 இரண்டுமே செயலிழந்து போயிருக்கும்போது. அத்தகைய கட்டி சில சமயம் ஆண்ட்ரோஜன் ஏற்பியையே கைவிட்டு வேறு வகைச் செல்லாக மாறிவிடும், பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதே கல்லீரலிலும் எலும்பிலும் நோய் பரவியிருக்கும். எண் நன்றாக இருக்கிறதே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், மாதிரி எடுத்த தேதியைப் பாருங்கள். ஏற்பியில் வரும் மாற்றங்கள் பெரும்பாலும் சிகிச்சைக்குப் பிறகு தோன்றுபவை, முதல் பயாப்ஸியில் அவற்றைத் தேடிப் பயனில்லை. புதிய திசு எடுக்க முடியாவிட்டால், ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். பி.ஆர்.சி.ஏ.2 சிக்னல் பாதை இல்லை, டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணு, ஆனாலும் ரிப்போர்ட்டில் அது இருந்தால் இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன: இந்தப் பழுதுபார்க்கும் குறையைக் குறிவைக்கும் ஓலாபரிப் போன்ற மருந்து பொருந்துமா, இந்த மாற்றம் பரம்பரையாக வந்ததா? பரம்பரை என்றால் மகனோ மகளோ, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு, அவர்களுக்கும் பரிசோதனை தேவை.